ஆறு இருபத்தைந்து

அப்பாவின் மாத்திரைகளுக்கு எங்கள் வீட்டில் பெயர்கள் இருந்ததில்லை, நிறங்கள்தான் இருந்தன. காலை ஆகாரத்துக்கு முன் போடுவது சின்னப் பச்சை. ஆகாரத்துக்குப் பின் பெரிய வெள்ளை. இரவில் ரத்த அழுத்தத்துக்கான ரோஸ். சர்க்கரை நோயோடு இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டவர் அவர். அந்த வாழ்க்கையின் அன்றாடத்தை நிர்வகித்தவள் அம்மா. பிள்ளைகளாகிய நாங்கள் மூவரும் மாதாமாதம் மருந்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, எல்லாம் அறிந்தவர்களைப்போல இருந்தோம். நிறத்தால் அல்லாமல் எண்ணால் அறியப்பட்ட மருந்து ஒன்றே ஒன்றுதான் அந்த வீட்டுக்குள் வந்தது. அம்மா அதை ‘ஆறு இருபத்தஞ்சு’ என்றாள். அந்த மருந்தைப் பற்றியும், மருத்துவர் கேட்டபோது நாங்கள் சொல்லாமல் மறைத்த ஒன்றைப் பற்றியும் எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

பங்குனி மாதத்து உச்சிவேளையில் அப்பா பெருமாள் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு மூன்று முறை சுற்றிவந்தார். கருங்கல் தளம் கொதித்துக் கிடந்த நேரம். கூடப் போயிருந்த அம்மா முதல் சுற்றிலேயே நிழலுக்கு ஒதுங்கிவிட்டாள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. நெடுங்காலச் சர்க்கரை பாதத்தின் நரம்புகளைச் சத்தமின்றி மரத்துப்போகச் செய்துவிடுகிறது என்பதை நாங்கள் படித்திருந்தோம். எங்கள் வீட்டிலேயே அது நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை. மறுநாள் காலை இரண்டு உள்ளங்கால்களிலும் கொப்புளங்கள். வலது காலில் இருந்தது உடைந்து, சீழ் கோத்து, ஒரு வாரத்துக்குள் விரல்களைச் சுற்றிச் சிவந்து வீங்கியது.

எங்கள் பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு செருப்பு வார் உரசிய புண், கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுப்பதில் போய் முடிந்தது. அந்த வீட்டுத் திண்ணையில் அவர் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே புண்ணைப் பார்த்த மருத்துவரிடம் எங்களில் மூத்தவள் கேட்ட முதல் வாக்கியமே, “நல்ல பவரான மருந்தா குடுங்க சார்” என்பதுதான். அவர் புண்ணைச் சுத்தம்செய்து கட்டி, பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்தார். அதுதான் ஆறு இருபத்தைந்து: 500 மில்லிகிராம் அமாக்சிசிலின், 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலம்.

இந்தச் சேர்க்கையின் கதை ருசிகரமானது. பென்சிலின் வகை மருந்துகளை உடைத்துப்போடும் ஒரு நொதியைச் சுரக்கப் பல பாக்டீரியாக்கள் கற்றுக்கொண்டுவிட்டன. கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியோடு போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. அமாக்சிசிலின் தடையின்றித் தன் வேலையைச் செய்கிறது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1970களில் இங்கிலாந்து ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1981இல் இரண்டும் சேர்ந்த மாத்திரை பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் மிக அதிகமாக எழுதப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளுள் அது ஒன்று. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு அதை எழுதுவதில் தவறேதுமில்லை. எங்கள் அப்பாவின் காலையும் அதுதான் காப்பாற்றியது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பத்தாம் நாள் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் புண்ணின் ஓரத்தில் கொஞ்சம் ஈரம் இருந்தது. திரும்ப மருத்துவரிடம் போக வேண்டிய நாள் அது. எங்களுக்கு ஆளுக்கொரு வேலை இருந்தது. காலி மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு எங்களில் ஒருவர் மருந்துக்கடைக்குப் போய், இன்னும் ஐந்து நாளைக்கு வாங்கிவந்தார். மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லும் மருந்துதான். கடையில் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பெரியப்பாவின் கால் எங்கள் மனத்தில் இருந்தது. ஐந்து நாள் கழித்துப் புண் முழுவதும் காய்ந்தபோது, ஒரு பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டதாகவே உணர்ந்தோம்.

*

மருந்து முடிந்து இரண்டரை வாரம் இருக்கும். அப்பாவுக்கு அரிப்பு தொடங்கியது. உள்ளங்கையிலும் முதுகிலும் முதலில், பிறகு உடம்பெங்கும். இரவில் அதிகம். சித்திரை வெயில், வேர்க்குரு என்றோம். சர்க்கரைக்காரர்களின் தோல் வறண்டுபோகும் என்று யாரோ சொன்னார்கள். அம்மா வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டாள். சிறுநீர் மஞ்சளாகப் போகிறது என்று அப்பா ஒருநாள் சொன்னார். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றோம். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, சாப்பிடப் பிடிக்கவில்லை என்று எழுந்து போனார், வயசாகிறதல்லவா என்றோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் எங்களிடம் இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை.

அடுத்த வாரத்தில் ஓர் இரவு, மூன்று மணிக்கு, அம்மாவின் அலறல் கேட்டு ஓடினோம். அப்பா வியர்வையில் நனைந்து கிடந்தார். கண் திறந்திருந்தது, எங்களை அடையாளம் தெரியவில்லை. விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை 46. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஏறிவிடுமோ ஏறிவிடுமோ என்று அஞ்சிய ஒன்று இப்படி இறங்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். விழுங்கினார். அரைமணி நேரத்தில், “ஏன்டா எல்லாரும் முழிச்சிருக்கீங்க?” என்று கேட்டார். மூவரும் அழுதோம்.

விடிவதற்குள் மருத்துவமனையில் சேர்த்தோம். பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் அப்பாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். “எத்தனை நாளா மஞ்சளா இருக்கு?” என்றார். குழல்விளக்கின் வெளிச்சத்தில் அப்போதுதான் நாங்கள் பார்த்தோம். வெண்விழி நல்ல மஞ்சளாக இருந்தது. தினமும் அவர் முகத்தில்தான் விழித்துக்கொண்டிருந்தோம்.

ரத்தத்தில் பிலிரூபின் 9.4. அது ஏறத்தாழ ஒன்றுக்குள் இருக்க வேண்டும். பித்தம் வடியாமல் தேங்கும்போது ஏறுகிற நொதி மூன்று மடங்குக்குமேல் ஏறியிருந்தது. கல்லீரலின் செல்கள் சிதையும்போது ஏறுகிற நொதி அந்த அளவுக்கு ஏறவில்லை. ஆக, பித்த ஓட்டம் எங்கோ தடைபட்டிருக்கிறது. பித்தப்பைக் கல்லா, கட்டியா, கிருமியா?

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். “கடந்த ரெண்டு மாசத்துல புதுசா ஏதாவது மருந்து எடுத்தாரா? நாட்டு மருந்து, டானிக், எதுவா இருந்தாலும்.”

“இல்லை” என்றோம்.

இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, எங்கள் கணக்கில் அந்த மருந்து முடிந்துபோன விஷயம். புண் ஆறியது, மருந்து நின்றது, நான்கு வாரம் ஆகப்போகிறது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? அது அறியாமை. இன்னொன்று, பத்து நாள் மருந்தைச் சொன்னால் ஐந்து நாள் மருந்தையும் சொல்ல வேண்டிவரும். அது எங்கள் நாக்கை அழுத்தியது. அதற்கு அறியாமை என்று பெயரில்லை.

மூன்று நாட்கள் பரிசோதனைகளில் கழிந்தன. வயிற்று ஸ்கேனில் கல் இல்லை, பித்தக்குழாய் விரியவில்லை. கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது மட்டும் தெரிந்தது. மஞ்சள் காமாலை தரும் வைரஸ்கள் ஒவ்வொன்றாக இல்லையென்று வந்தன. பிலிரூபின் மட்டும் 11ஐத் தாண்டியது. அடுத்து உள்நோக்கி வைத்துப் பார்க்கலாமா, கல்லீரலிலிருந்து சதைத் துணுக்கு எடுக்கலாமா என்று பேச்சு எழுந்தது. அப்பா கட்டிலில் புரண்டு சொறிந்துகொண்டிருந்தார். சொறிந்த இடத்தில் புண் வந்தால் அதற்கு மறுபடி மருந்து. இந்தச் சுழலில் அவரைத் தள்ளிவிட்டு, வராந்தாவில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றிருந்தோம்.

நான்காம் நாள் காலை அம்மா வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். மருத்துவர் அதே கேள்வியை அவளிடம் கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. “ஆறு இருபத்தஞ்சு போட்டாரே. பதினஞ்சு நாள்.”

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை நாங்கள் மறக்கவில்லை. திட்டவில்லை. “இதைத்தான் கேட்டேன்” என்றார்.

*

பிறகு அவர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். அதன் பின் நாங்களாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே சொல்கிறோம்.

மருந்தால் கல்லீரல் கெடுவது இரண்டு வகை. அளவு மீறினால் யாருக்கும் கெடுக்கும் மருந்துகள் உண்டு, பாராசிட்டமால் அப்படி. சரியான அளவிலேயே, ஆயிரக்கணக்கானோரில் யாரோ ஒருவருக்கு மட்டும் கெடுப்பவை இன்னொரு வகை. அமாக்சிசிலின்–கிளாவுலானிக் அமிலம் இரண்டாம் வகையில் மேலைநாடுகளில் முன்வரிசையில் நிற்கும் மருந்து. ஐஸ்லாந்தில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு, அதை உட்கொண்ட புறநோயாளிகளில் ஏறத்தாழ 2,350 பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டது. குற்றம் பெரும்பாலும் கிளாவுலானிக் அமிலத்தின் பக்கம் என்கிறார்கள். வயது முதிர்ந்தவர்களுக்கும், மருந்தைத் திரும்பத் திரும்ப எடுப்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். சில மரபணு வகைகளுக்கும் இதில் பங்குண்டு.

எங்களை ஏமாற்றியது அதன் தாமதம். மருந்து எடுக்கும் நாட்களில் ஒன்றும் தெரிவதில்லை. நிறுத்திச் சில வாரங்கள் கழித்துத்தான் பெரும்பாலும் மஞ்சள் ஏறுகிறது. ஆறேழு வாரம் கழித்துக்கூட வரலாம். உடலின் எதிர்ப்பாற்றல் அம்மருந்தின் சுவட்டை அந்நியனென்று தாமதமாக அடையாளம் கண்டு, கல்லீரலைத் தாக்கத் தொடங்குகிறது என்பது இன்றைய புரிதல். புண்ணை மறந்து, மருத்துவரை மறந்து, மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்ட பிறகு நோய் வருகிறது. சாட்சிகள் கலைந்த பின் நடக்கிற விசாரணை அது.

சர்க்கரை நோயாளிக்கு இதில் தனியான இடர்ப்பாடு உண்டு. கால் புண், சிறுநீர்த் தொற்று, பல் சீழ் என்று நுண்ணுயிர்க்கொல்லி எடுக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் மற்றவர்களைவிட அவருக்கு அதிகம். கல்லீரலிலும் பெரும்பாலும் முன்பே கொழுப்பு படிந்திருக்கும். அமெரிக்காவில் மருந்தால் கல்லீரல் கெட்ட 300 பேரைத் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் காரணம் கிருமிகளுக்கு எதிரான மருந்துகள். சர்க்கரை நோய் இருந்தவர்களுக்குப் பாதிப்பு கடுமையாக இருந்தது. சர்க்கரை நோயால்தான் இப்பாதிப்பு வருகிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. வந்துவிட்டால் கடுமையாகிறது என்றுதான் சொன்னது.

அந்த மூன்று மணி இரவின் பொருளும் அப்போது விளங்கியது. நாம் உறங்கும்போது, சேமித்துவைத்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு அளந்து விடுவது கல்லீரல். சின்னப் பச்சையைச் சிதைத்து வெளியேற்றுவதும் அதே கல்லீரல். அது சோர்ந்துவிட்டது. அப்பாவோ சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் அம்மா வேளை தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒழுங்கே அன்று அவருக்கு எதிரியாகிவிட்டது.

அடுத்த கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். அவருக்கும் சர்க்கரை, கூடவே காசநோய். சர்க்கரை இருப்பவர்களைக் காசநோய் இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பற்றுகிறது. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் என்னும் காசநோய் மருந்துகள்தாம் இந்தியாவில் மருந்துவழிக் கல்லீரல் பாதிப்புக்கு முதற்காரணம். அவருக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, கல்லீரல் தேறியபின் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்காவது அந்த மாத்திரையை இனித் தொடாமல் இருந்துவிடலாம். அவருக்கு அந்த வசதி இல்லை. மருந்தை விட்டால் நோய் கொல்லும். “கண்ணு மஞ்சளாச்சுன்னா ஒடனே வரச் சொல்லித்தான் இருந்தாங்க தம்பி. லோடு இருந்துச்சு, போயிட்டேன்” என்றார். எங்கள் ‘ஆளுக்கொரு வேலை’ நினைவுக்கு வந்தது.

*

செய்தி அறிந்து வந்த அத்தை, மடியில் கீழாநெல்லியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மோரில் அரைத்துக் கொடுத்தால் ஏழு நாளில் இறங்கிவிடும் என்றாள். அவள் அன்பில் குறையில்லை. கீழாநெல்லியை இகழ்வதும் எங்கள் நோக்கமன்று. 1988இல் சென்னை ஆய்வாளர் தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் பிறரும் சேர்ந்து, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி இனத்துச் செடியைக் கொடுத்துப் பார்த்து, ‘லான்செட்’ இதழில் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார்கள். பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் அதே பலனைக் காட்டவில்லை. ஆனால் அதுகூட ஒரு கிருமியைப் பற்றிய ஆய்வு. மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்கள் ஒன்றுபோல அணியும் நிறம். கல்லுக்கும் கிருமிக்கும் மருந்துக்கும் ஒரே மஞ்சள்தான். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் காரணம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம்.

பச்சிலை என்பதாலேயே கல்லீரலுக்குத் தீங்கில்லை என்று சொல்வதற்கும் இல்லை. சர்க்கரைக்கு நல்லதென்று பலர் உண்ணும் சீந்தில், கோவிட் காலத்தில் எதிர்ப்பாற்றலுக்காகப் பரவலாக உட்கொள்ளப்பட்டபோது, அதை எடுத்தவர்களிடம் கண்ட கல்லீரல் அழற்சியை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தார்கள். மருத்துவர் அத்தையிடம் மரியாதையாகச் சொன்னார்: “இப்ப அவர் கல்லீரலுக்குப் புதுசா எந்த வேலையும் கொடுக்க வேண்டாம்மா.” அத்தை கீழாநெல்லியைத் திரும்ப முடிந்துகொண்டாள்.

இதற்கென்று தனி மருந்து கிடையாது. காரணமான மருந்தை நிறுத்துவதும் காத்திருப்பதும்தான் வைத்தியம். பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள், மிகச் சிலர் தேறுவதில்லை. சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தி இன்சுலின் போட்டார்கள். அரிப்புக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஒரு தூள் கொடுத்தார்கள். ஆறாவது நாள் பிலிரூபின் ஏறுவது நின்றது. பிறகு 8, 5, 3 என்று வாரம் வாரமாக இறங்கியது. இரண்டரை மாதத்தில் அப்பாவின் கண் பழைய வெண்மைக்கு வந்தது. அந்த நாட்களில் காலையில் எழுந்ததும் அவரை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துவந்து கண்ணைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு சடங்காகியிருந்தது.

ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஐந்து நாள் மருந்தை நாங்களாகவே வாங்கியதையும், மருத்துவரிடம் மறைத்ததையும் அப்பாவிடம் சொன்னோம். அந்த ஐந்து நாள் இல்லாவிட்டால் இது வந்திருக்காதா? மருத்துவரைக் கேட்டிருந்தோம். முதல் பத்து நாளே போதுமானதாக இருந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். மன்னிப்பாகவும் இல்லாத, தண்டனையாகவும் இல்லாத பதில். அப்பா கொஞ்ச நேரம் தன் வலது காலைப் பார்த்தார். “காலு இருக்குல்ல, விடுங்க” என்றார்.

*

விட்டுவிட முடியவில்லை என்பதை ஓராண்டு கழித்து உணர்ந்தோம். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ். பல் மருத்துவர் எழுதிய சீட்டில் இருந்த பெயர் எங்களில் யாருக்கும் புதிது. மருந்துக்கடையில் அட்டையை வாங்கிப் பார்த்த அம்மாதான், “இதுல ஆறு இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கே” என்றாள். நிறுவனம் வேறு, வணிகப்பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. உள்ளே அதே மருந்து. ஒருமுறை இப்படிக் கல்லீரல் கெட்டவருக்கு அதே மருந்தை மறுபடி கொடுத்தால் பாதிப்பு முன்னைவிட விரைவாகவும் கடுமையாகவும் வரக்கூடும். பல் மருத்துவர்மீது தவறில்லை. அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. இரண்டாவது முறையும் நாங்கள் சொல்லவில்லை.

அன்று மாலை ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினோம். நிறங்களுக்குப் பதில் பெயர்களை எழுதத் தொடங்கினோம். வணிகப்பெயரையல்ல, அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை. எந்த மருந்து, எதற்காக, எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் நிறுத்தியது, யார் எழுதிக்கொடுத்தது. நிறுத்திய தேதிக்குப் பின்னும் எட்டு வாரத்துக்கு ஒரு கட்டம் விட்டிருக்கிறோம். அரிப்பு, சிறுநீரின் நிறம், பசியின்மை ஏதாவது இருந்தால் அதில் குறிக்க. காலி அட்டையை இப்போது எறிவதில்லை. நோட்டின் பின்னட்டையில் ஒட்டிவைக்கிறோம். எந்த மருத்துவரிடம் போனாலும், பல்லுக்கோ கண்ணுக்கோ, நோட்டும் கூடப் போகிறது.

முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அந்த மருந்தின் முழுப் பெயர் இருக்கிறது. கீழே, கொடுக்கக் கூடாது என்று அம்மாவின் கையெழுத்து. அதற்கும் கீழே நாட்கள்: மருத்துவர் எழுதிக்கொடுத்தது 10. அடுத்த வரியை யார் எழுதுவது என்று மூவரும் சிறிது நேரம் தயங்கினோம். பிறகு எழுதினோம்: கடையில் நாங்களே வாங்கியது 5.